நோவுரைக்கும் மொழி: பொல்பிட்டியச் சூழலில் ஆங்கிலத் தொடர்களும் தமிழ் வழக்குகளும்

காய்ச்சலை வெப்பமானி அளந்து காட்டும். குருதியழுத்தத்தை அதற்கென அமைந்த கருவி அளந்து காட்டும். நோவை அவ்வாறு அளந்து காட்டும் கருவி எதுவும் இல்லை. நோவுற்றவர் கூறும் சொல்லே அதற்குத் தலையாய சான்றாகும். அச்சொல் பிழைபட உணரப்படுமாயின் மருந்தும் பிழைபடக் கூடும். அச்சொல் நம்பப்படாதவிடத்து நோவே இல்லையெனவும் தள்ளப்படலாம்.

மலையகத்துப் பெருந்தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களைப் பொறுத்தவரை இச்சான்று பெரும்பாலும் மூன்று மொழிகளைக் கடந்தே மருத்துவரின் ஏட்டைச் சென்றடைகின்றது. உணரப்படுவது தமிழில்; கேட்கப்படுவது பல வேளைகளிற் சிங்களத்தில்; எழுதப்படுவது ஆங்கிலத்தில். ஆங்கிலத்திற் பெருவழக்காயுள்ள நோத்தொடர்கள் சிலவற்றைத் தமிழ் வழக்குகளோடு ஒப்பிட்டு, அவை எவ்விடத்து ஒத்துச் செல்கின்றன, எவ்விடத்து வேறுபடுகின்றன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உடல் நோவு, மன நோவு ஆகிய இரண்டினையும் இங்கு நாம் ஒருங்கே எடுத்துக்கொள்கின்றோம். வழக்கில் அவை ஒன்றையொன்று விட்டு நிற்பதில்லை என்பதே அதற்குக் காரணம்.

1. களம்

மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் பகுதியை அண்டி, நுவரெலியா மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் அமைந்துள்ளது பொல்பிட்டிய. 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தால் அப்பெயர் நாடறிந்ததாயிற்று. ஊர்ப்பெயர் சிங்களம், சூழவுள்ள தோட்டங்களின் வீட்டுமொழி தமிழ், தோட்டக் கந்தோரின் ஏட்டுமொழி நெடுங்காலமாக ஆங்கிலம்.

இம்மொழிகள் தோட்டத்தில் முதன்முதற் சந்தித்த முறை கருதற்பாலது. துரைமார் தமிழ் கற்பதற்கென எழுந்த கைந்நூல்களுள் ஒன்று 'இங்கே வா' என்னும் ஏவலையே தலைப்பாகக் கொண்டிருந்தது. 1915இல் வெளிவந்த வெல்ஸ் என்பாரின் நூல் 'கூலித் தமிழ்' எனப் பெயர் பெற்றது. தலைப்புகளே புலப்படுத்துவதுபோல, ஆங்கிலமும் தமிழும் அங்கு கூடிய களம் ஏவலும் வேலையுமாகும். லயம், பெரட்டு முதலாய ஆங்கில வழிச் சொற்கள் தோட்டத் தமிழிற் புகுந்ததும் அக்களத்தின் வாயிலாகவே. தொழிலாளி தன் துன்பத்தை எடுத்துரைப்பதற்குப் பொதுமொழி ஒன்று அங்கு உருவாகவில்லை.

தோட்டங்களின் மருத்துவத் தேவைகள் குறித்து 1912இல் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்ட டிஸ்பென்சரி ஆங்கிலச் சொற்கள் வந்து சேர்ந்த இரண்டாவது வாயிலாயிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளுக்கு மாறியது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆயினும் நாட்டின் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது; நோயாளர் ஏடும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். கூடையின் கயிறு தலையில் அழுந்த, பாரம் முதுகிற் தொங்க, சரிவில் நாள் முழுதும் நிற்பவர் அவர். லயத்தில் அவர், 'கழுத்து இழுத்துப் பிடிக்குது. விரலெல்லாம் மரத்துப் போகுது' என்கின்றார். டிஸ்பென்சரியில் அது 'கழுத்து வலி' எனச் சுருங்குகின்றது. அரசினர் வைத்தியசாலையில் துணைக்கு வந்தவர் அதனைச் சிங்களத்திற் 'கழுத்து நோகிறது' என மட்டும் கூறுகின்றார். ஏட்டில் 'நெக் பெயின்' என்னும் இரு சொற்கள் ஏறுகின்றன. விரல் மரத்துப்போதல் என்னும் செய்தி வழியிலேயே உதிர்ந்துவிட்டது. கழுத்தில் நரம்பு அழுத்தப்படுகின்றதா என ஆராயும் மருத்துவருக்கு இன்றியமையாத செய்தி அதுவேயாகும்.

இதனால் நேரும் இழப்பு மருத்துவம் சார்ந்தது மட்டுமன்று. முழுநாள் வேலைக்குப் 'பேர்' விழுவதும் 'அரைப்பேர்' விழுவதும் ஒரு குடும்பத்தின் உணவைத் தீர்மானிக்கும் இடத்தில், நோவைத் தெளிவுறச் சொல்ல இயலாதவர் மீது 'சாட்டுச் சொல்கிறார்' என்னும் பழி எளிதில் வந்து விழும்.

2. தமிழில் நோச்சொற்கள்

தமிழில் 'நோ' என்னும் அடி மிகப் பழமையானது. பையுள், சிறுமை என்னும் உரிச்சொற்கள் நோய் என்னும் பொருளன எனத் தொல்காப்பிய உரியியல் கூறும். அங்கு நோய் என்பது உடற்பிணியை மட்டும் குறித்ததன்று. குறளின் காமத்துப்பாலில் நோய் எனப்படுவது பிரிவுத் துயராகும். மருந்து என்னும் அதிகாரத்தில் நோய் எனப்படுவது உடற்பிணியாகும். ஒரு சொல்லே இரண்டினையும் தாங்கி நின்றது.

இன்று பரவலாக வழங்கும் 'வலி' என்னும் சொல்லின் வரலாறு வேறு. எறுழ் என்பதற்கு வலி என்று உரியியல் பொருள் கூறுமிடத்தும், திருவள்ளுவர் வலியறிதல் என அதிகாரம் வகுக்குமிடத்தும், அச்சொல் வலிமையையே குறித்தது. நோவு என்னும் பொருள் பிற்கால வழக்கிற் பெருகியதாகும். யாழ்ப்பாணத்து வழக்கில் இன்றும் 'நோகுது' என்பதே பெருவழக்கு; மலையகத்தார் தமிழகத்தாரைப் போல 'வலிக்குது' என்பர். முன்னவருக்குத் தலையிடி, பின்னவருக்குத் தலைவலி.

'வருத்தம்' என்னும் சொல் இவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்கும். யாழ்ப்பாணத்து வழக்கில் வருத்தம் என்பது நோய். தமிழகத்து வழக்கில் அது மனத்துயர். எனவே வடபுலத்துத் தமிழ் மருத்துவர் ஒருவர் 'என்ன வருத்தம்?' என வினவும்போது, தமிழக வழக்கிற் பழகிய செவி 'என்ன துயரம்?' எனக் கேட்டல் கூடும். தமிழ் அறிந்த மருத்துவர் இருப்பது மட்டும் போதாது; எத்தமிழ் என்பதும் நோக்கத்தக்கது.

தமிழ் நோமொழியின் உண்மையான வளம் அதன் வினைகளிலேயே உள்ளது. குத்துதல், குடைதல், கடுத்தல், உளைதல், எரிதல், பிசைதல், முறுக்குதல், இழுத்தல், பிடித்தல், மரத்தல், விறைத்தல், கூசுதல், தெறித்தல் என அவை விரியும். இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குவன அல்ல. நெடுநேரம் நின்ற கால் கடுக்கும், மூட்டு உளையும், காது குடையும், பல் கூசும், சீழ்கொண்ட கட்டு விண்விண் எனத் தெறிக்கும், வயிறு பிசையும், முறுக்கும். 'கடுக்குது' என்ற ஒரு சொல்லே உழைப்பினால் தசை அயர்ந்த நிலையை உணர்த்திவிடும். 'குடையுது' என்பது நோவு உள்ளே ஆழ்ந்திருப்பதைக் காட்டும்.

வாக்கிய அமைப்பும் நோக்கத்தக்கது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதில் எழுவாய் தலையாகும். நோவுற்றவர் நான்காம் வேற்றுமையில் நிற்கின்றார். நோவு அவர் செய்வதன்று, அவருக்கு நேர்வது. சிங்களத்திலும் 'மட்ட ஒளுவ ரிதெனவா' என்னும்போது இதே அமைப்பையே காண்கின்றோம். உளம் நொந்தவிடத்தும் 'ஹித ரிதெனவா' எனச் சிங்களவரும், 'மனசு வலிக்குது' எனத் தமிழரும் ஒரே வினையைக் கையாளுகின்றனர். நோவுரைக்கும் அமைப்பைப் பொறுத்தவரை இவ்விரு மொழிகளும் மிக நெருங்கியவை.

3. ஆங்கிலத்தில் உடல் நோவு

ஆங்கிலத்தில் நோவைக் குறிக்கும் அடிப்படைச் சொற்கள் நான்கு எனலாம். 'பெயின்' என்பது பொதுப்பெயர். 'ஏக்' என்பது விடாது நிற்கும், கூர்மையற்ற நோவு. 'ஹர்ட்' என்பது வினையாக வருவது. 'சோர்' என்பது தொட்டாலோ அசைத்தாலோ நோகும் நிலை. தொண்டைக்கும் அயர்ந்த தசைக்கும் அது பெரிதும் வழங்கும்.

இவற்றைக் கையாளும் முறை மூன்று வகைப்படும். ஒன்று, நோவை உடைமையாகக் கூறுவது: 'ஐ ஹாவ் எ ஹெட்ஏக்', அதாவது என்னிடம் ஒரு தலைவலி உண்டு என்பது. இரண்டு, உறுப்பை எழுவாயாக்குவது: 'மை லெக் ஹர்ட்ஸ்'. இது தமிழ் அமைப்புக்கு அணித்தானது. மூன்று, மனிதரை நோவுக்குள் இருப்பவராகக் கூறுவது: 'ஐ ஆம் இன் பெயின்'. இவ்வேறுபாட்டை உணராது, 'எனக்கு வலிக்கிறது' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் மாணவர் 'ஐ ஆம் பெயினிங்' என்றோ 'ஐ ஆம் பெயின்புல்' என்றோ கூறுவதுண்டு. முன்னது வழக்கில் இல்லை. பின்னது தாம் பிறருக்கு நோவு தருபவர் என்பதுபோலப் பொருள்படும்.

'ஏக்' என்பது எல்லா உறுப்புகளோடும் கூடித் தொகைச்சொல் ஆவதில்லை. தலை, பல், காது, வயிறு, முதுகு ஆகியவற்றோடு கூடும். கால், கை ஆகியவற்றோடு கூடாது. நெஞ்சோடு கூடி 'ஹார்ட் ஏக்' என வருமிடத்து அது உடல் நோவையே குறிக்காது. பிரிவுத் துயரையும் ஏக்கத்தையும் குறிக்கும். ஆதலால் மார்பு வலிக்கின்றது எனச் சொல்லக் கருதியவர் 'செஸ்ட் பெயின்' எனல் வேண்டும். இதன் மறுதலையாக, 'ஹார்ட் பர்ன்' என்பதில் நெஞ்சும் எரிவும் இருப்பினும் அது துயரத்தைக் குறிக்காது. இரைப்பைப் புளிப்பு மேலெழுவதால் உண்டாகும் எரிவையே குறிக்கும். தமிழில் 'நெஞ்செரிச்சல்' இரண்டினையும் குறிக்கவல்லது. மூன்று சொற்களிலும் நெஞ்சு இருந்தும் மூன்றும் வெவ்வேறு நிலையினவாதலை நோக்குக.

நோவின் தன்மையை உணர்த்தும் ஆங்கில அடைமொழிகள் பல ஊறு விளைக்கும் செயல்களிலிருந்து பெறப்பட்டவை. 'ஸ்டாபிங்' என்பது கத்தியாற் குத்துதல்; தமிழ்க் குத்தோடு அது முற்றும் ஒக்கும். 'பர்னிங்' எரிவோடும், 'த்ரொபிங்' விண்விண் எனத் தெறித்தலோடும் ஒக்கும். 'ஸ்பிளிட்டிங் ஹெட்ஏக்' என்பதும் 'தலை பிளக்குது' என்பதும் ஒரே உவமையைக் கொண்டவை. 'ஷூட்டிங் பெயின்' என்பது எய்தலிலிருந்து வந்தது. இடுப்பிலிருந்து கால்வரை ஓடும் நோவுக்கு வழங்கும். தமிழில் 'சுரீரென்று இழுக்குது' என்பது அதற்கு நேராகும். 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' என்பதைக் குண்டூசிகளும் ஊசிகளும் எனப் பெயர்ப்பதாற் பயனில்லை. கால் மரத்து ஊசி குத்துவதுபோல் இருத்தல் என்பதே அதன் பொருள். 'டல் ஏக்' என்பதை 'மழுங்கிய வலி' எனப் பெயர்த்தால் தோட்டத்தில் எவருக்கும் விளங்காது. இடம் நோக்கிக் கடுப்பு என்றோ உளைச்சல் என்றோ கூறுதல் வேண்டும். 'மை பீட் ஆர் கில்லிங் மீ' என்பதில் பாதங்கள் கொல்கின்றன. தமிழில் 'உயிர் போகுது' என்கின்றோம். இரண்டும் மிகைக்கூற்றே, இரண்டும் உண்மையான நோவினின்று பிறந்தவையே.

இத்தகைய சொற்கள் மருத்துவத்துக்குப் பயன்படும் என்பதை ஆய்வுலகம் ஏற்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக், நோயாளர் வழங்கும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 தொகுதிகளாக்கி, 1975இல் வினாக்கொத்து ஒன்றை வெளியிட்டார். புலனுணர்வைக் குறிப்பன, மனவுணர்வைக் குறிப்பன, நோவின் கடுமையை மதிப்பிடுவன என அச்சொற்கள் பிரிக்கப்பட்டன. எத்தகைய நோவு என்று கேட்பது, எவ்வளவு நோவு என்று கேட்பதைப் போன்றே இன்றியமையாதது என்பதை அம்முயற்சி நிலைநாட்டியது. மேலே நாம் எடுத்துக்காட்டிய தமிழ் வினைகள் அத்தகைய தொகுதிகளில் எளிதாக அமையக்கூடியவை.

4. உள்ளத்து நோவு

உள்ளத்து நோவை உரைக்கும்போது ஆங்கிலமும் தமிழும் உடலுறுப்புகளையே துணைக்கொள்கின்றன. ஆயினும் எவ்வுணர்வை எவ்வுறுப்பில் வைப்பது என்பதில் வேறுபடுகின்றன. 'ஹார்ட் புரோக்கன்' என்பதில் உடைவது இதயம். தமிழில் மனம் உடையும். துயரம் மேலிட்டுப் பேச்செழாத நிலையை ஆங்கிலத்தார் தொண்டையிற் கட்டி எனக் கூறுவர். நாம் தொண்டை அடைத்தது என்கின்றோம். இவை நெருங்கியவை. அச்சத்தாலும் பதற்றத்தாலும் வயிற்றில் வண்ணத்துப்பூச்சிகள் பறப்பதாக ஆங்கிலத்தார் கூறுவர். தமிழர் வயிற்றிற் புளியைக் கரைத்தது என்பர். முன்னது மேடையேறுமுன் தோன்றும் மெல்லிய பதற்றத்துக்கும் பொருந்தும். பின்னது தீங்கு வருமென்ற அச்சத்துக்கே பொருந்தும். தொல்லை தருபவரை ஆங்கிலத்தார் கழுத்து வலி என்பர். நாம் தலைவலி, தலையிடி என்போம். தொழிலால் உண்மையாகவே கழுத்து வலி கொண்டவர் வாழும் தோட்டத்தில் அவ்வாங்கிலத் தொடரை விளக்கும் ஆசிரியர், அது வசைக்குரியது என்பதையும் உணர்த்துதல் நன்று.

வயிறு தமிழிற் சிறப்பிடம் பெறுகின்றது. பிள்ளையை இழந்த தாய்க்கு வயிறு எரியும். அநீதி கண்டவிடத்தும் வயிறு எரியும். இதனைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் அது இரைப்பை நோயாகிவிடும். 'நெஞ்சு பாரமாயிருக்கு' என்பது இன்னும் நுட்பமானது. துயரமும் அவ்வாறே உரைக்கப்படும். மாரடைப்பின் தொடக்கமும் அவ்வாறே உணரப்படலாம். இங்கு மொழிபெயர்ப்பவர் தாமே தீர்ப்புக் கூறாது, நோயாளி கூறியதை அவ்வாறே ஒப்புவித்தல் வேண்டும். எது என முடிவு செய்வது மருத்துவரின் ஆராய்ச்சிக்குரியது.

அகத்து நோவு மெய்யில் வெளிப்படும் என்பது தமிழ் மரபுக்குப் புதியதன்று. மெய்ப்பாடு என்னும் கொள்கையே அதன்மேல் நிற்பது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்தார். இகழப்படுதலும் இழத்தலும் தளர்தலும் வறுமையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை அறிந்தோர்க்கு இந்நான்கும் ஏட்டளவில் நிற்பனவாகத் தோன்றமாட்டா. நமது காலத்திலும், நோவு குறித்த ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979இல் வகுத்த வரைவிலக்கணம், நோவினைப் புலனனுபவமும் மனவுணர்வனுபவமும் ஒருங்கே ஆனதெனக் கொண்டது.

மன நோவுக்கு ஆங்கிலப் பெயரிடுவது எப்போதும் தெளிவு தருமா என்னும் வினாவும் எழுகின்றது. 'டிப்ரஷன்' எனப்படும் நிலையை இலங்கைப் பௌத்தரின் வாழ்க்கை நோக்கோடு வைத்து ஆராய்ந்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர, 1985இல் வெளிவந்த கட்டுரையொன்றில், மேனாட்டிற் பிணியெனப்படும் உணர்வுகள் பிறிதொரு பண்பாட்டில் வாழ்க்கை பற்றிய தெளிவாகவும் பொருள்படலாம் எனக் காட்டினார். அதனால் மருத்துவம் வேண்டாமென்பது பொருளன்று. பெயரிடுமுன் பொருளைக் கேட்டறிதல் வேண்டும் என்பதே நாம் இங்குக் கொள்ளத்தக்கது.

5. தோட்ட வழக்கிற் புகுந்த ஆங்கிலச் சொற்கள்

இன்று மலையக மக்களின் பேச்சில் 'பிரஷர்', 'கெஸ்ட்ரைட்டிஸ்', 'டென்ஷன்', 'அப்செட்', 'பீலிங்' முதலாயின தமிழ்ச் சொற்கள் போலவே வழங்குகின்றன. இவை தமிழில் வந்தபின் பொருள் மாறி நிற்றலை அவதானிக்கலாம். 'பிரஷர்' ஆங்கிலத்திற் பொதுவான அழுத்தம். நம் வழக்கில் அது குருதியழுத்த நோய். 'கெஸ்ட்ரைட்டிஸ்' இரைப்பை அழற்சிக்குரிய மருத்துவப் பெயர். நம் வழக்கில் மேல்வயிற்றிலும் நெஞ்சடியிலும் தோன்றும் எந்த நோவும் அதுவேயாகின்றது. 'பீலிங்' ஆங்கிலத்தில் எவ்வகை உணர்வும் ஆகும். 'பீலிங்கா இருக்கு' என்னுமிடத்து அது துயரம் மட்டுமே. சில வேளைகளில் நோவின் பெயரை மருந்தின் பெயரே விழுங்கிவிடுகின்றது: 'பெனடோல் போட்டேன்' என்பதோடு உரையாடல் முடிந்துவிடும்.

இவற்றைக் கலப்பு எனக் கடிந்து ஒதுக்குவது எமது நோக்கமன்று. இச்சொற்களுக்கு ஒரு பயன் உண்டு. 'வயிறு என்னவோ செய்யுது' என்பவரைவிடக் 'கெஸ்ட்ரைட்டிஸ்' என்பவர் விரைவாகக் கேட்கப்படலாம். ஏட்டு மொழிக்கு அவர் ஒருபடி நெருங்கிவிட்டார். ஆனால் அதற்கு அவர் கொடுக்கும் விலை பெரிது. தமிழ் வினை நோவின் தன்மையைக் கூறுகின்றது. இரவற் பெயர் முடிந்த முடிபைக் கூறுகின்றது. எரிகிறதா, பிசைகிறதா, அழுத்துகிறதா என்னும் வினா எழுமுன்னரே விடை வந்துவிடுகின்றது. நெஞ்சை அழுத்தும் நோவைக் கெஸ்ட்ரைட்டிஸ் எனப் பெயரிட்டு வீட்டிற் காத்திருப்பவர் உயிரிழக்கவும் நேரலாம்.

6. செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துக்கள் பெறப்படும்.

முதலாவது பாடசாலை பற்றியது. ஆங்கில நோத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் கற்பிக்காது, முழுத் தொடர்களாக, அவை வழங்கும் சூழலோடு கற்பித்தல் வேண்டும். நோவு எங்கே, எத்தகையது, எப்போது தொடங்கிற்று, எதனால் மிகுகின்றது என்னும் நான்கினையும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கூறவல்ல மாணவர், தம் பெற்றோருக்கு நல்ல துணையாவர். பல குடும்பங்களில் மொழிபெயர்ப்பாளராக நிற்பவர் அப்பிள்ளைகளே.

இரண்டாவது வைத்தியசாலை பற்றியது. இந்திய உதவியுடன் அமைந்து 2017இல் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக் கட்டிடம் போன்ற வசதிகள் மலையகத்துக்கு வந்துள்ளன. கட்டிடத்தோடு சொல்லும் வேண்டும். மலையக வழக்கிலுள்ள நோவினைகளைத் திரட்டி, சிங்கள ஆங்கில நேர்ச்சொற்களோடு ஒரே தாளில் அச்சிட்டு மருத்துவரும் தாதியரும் காணும் இடத்தில் வைப்பது பெருஞ்செலவுக்குரிய செயலன்று. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணியுமாகும்.

மூன்றாவது மொழிபெயர்க்கும் முறை பற்றியது. பெயரைப் பெயர்ப்பதினும் வினையைப் பெயர்ப்பது முதன்மையானது. அவ்வினைகளின் ஆற்றலை அறிந்தவர் கையில் ஆங்கிலமும் இம்மக்களின் துயரைத் தாங்கவல்லது. மலைநாட்டுப் பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்ட வாழ்வை ஆங்கிலக் கவிதையில் வடித்தார். சக்தீ பாலையா அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கினார். அயல்மொழியிற் சொல்லப்பட்டும் அத்துயரம் தன் முகத்தை இழக்கவில்லை.

முன்னர்க் குறித்த பன்னாட்டுச் சங்கம் 2020இல் தன் வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு நோவு உண்டு எனக் கூறுவதை மதித்தல் வேண்டும் என்றும், சொல்ல இயலாமையினால் நோவு இல்லையென ஆகிவிடாது என்றும் குறிப்புரைத்தது. பொல்பிட்டியவிலும் அதனைச் சூழ்ந்த மலைகளிலும் வாழ்வோர் சொல்ல இயலாதவர் அல்லர். நுட்பமான சொற்கள் பல அவர்களிடம் உள்ளன. அவற்றை அவர்கள் சொன்னபடியே கேட்டு, சொன்னபடியே ஏட்டில் ஏற்றுவதற்குக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் ஏட்டைக் கையில் வைத்திருப்போரும், இடையில் நின்று மொழிபெயர்க்கும் நம்மனோருமாவோம்.